ஐம்பத்தெட்டுத் தலையணை

மெத்தைக் கிடங்கின் கணினி அறையில் அவருக்கு மூட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டைத் தவிர யாரும் சீந்துவதில்லை. ஆர்டர் எடுப்பது, வண்டிகளுக்குச் சரக்குப் பிரிப்பது, டெலிவரி சீட்டு அச்சடிப்பது எல்லாவற்றையும் பதினோராயிரம் வரியில் ஒரே ப்ரோகிராமாகக் கட்டிவைத்திருந்தார். உள்ளே ஆளுக்கொரு வேலை பார்க்கும் குட்டிப் பகுதிகளாக எழுபது சப்ரொட்டீன். பெரிய கூட்டுக்குடும்பம்தான், ஒருத்தர் சீப்பை இன்னொருத்தர் எடுத்து வாரிக்கொள்ளும்.

இருபத்தாறு வருஷத்தில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு எடுத்ததில்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இதை அலுத்துக்கொள்வது மாதிரியே பீற்றிக்கொள்வார். இந்தத் தடவை மனைவி, தன் தங்கை வீட்டில் ஐந்து நாள் இருந்துவரப் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"வரலைன்னா நான் மட்டும் போறேன். எப்ப திரும்புவேன்னு கேக்காதீங்க."

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒரு யோசனை சொன்னாள்.

"தனித்தனி ப்ரொசீஜரா பிரிச்சிடலாம் சார். எண்ணிக்கை போட்டு வைக்கிற பெட்டி அததுக்குத் தனியா இருக்கும். கேட்டா பதிலை மட்டும் நீட்டும். நீங்க இல்லாட்டியும் நான் பாத்துக்குவேன்."

கடைசி வாக்கியம்தான் சுருக்கென்று தைத்தது.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஓடுதும்மா இது!"

ஓடத்தான் செய்தது. மறுநாள் சீட்டுத் தலைப்பில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். பக்கத்தின் வரிகளை எண்ண, மூட்டை 'எக்ஸ்' என்ற பெட்டியை எடுத்தார். தலையணைகளை எண்ணும் சப்ரொட்டீனும் பல வருஷமாக அதே எக்ஸில்தான் எண்ணிக்கொண்டிருந்தது. வைத்தவரும் அவர்தான், மறந்தவரும் அவர்தான்.

புதுமணத் தம்பதி ஒன்று கேட்டிருந்தது இரண்டு தலையணை. சீட்டுப் பக்கத்தில் இருந்தது ஐம்பத்தெட்டு வரி; எக்ஸில் நின்ற அந்த எண்ணே தலையணைக் கணக்காகிவிட்டது.

வண்டி ஓட்டுநர் போன் செய்தார். "சார், வீட்டுக்குள்ள நிக்க இடமில்ல. மாப்பிள்ளை சிரிக்கிறாரு, பொண்ணு முறைக்குது. வண்டியில இன்னும் இருபது இருக்கு. இறக்கவா?"

மூட்டை போனை வைத்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எங்கேருந்து பிரிக்கணும்?"

ஒரு வாரம் பிரித்தார்கள். தலைப்பு அச்சடிக்கும் ஆறு வரியை மட்டும் அவர் விடவே இல்லை.

"இது இங்க மட்டுந்தான் வேலை செய்யுது. வேற யாருக்கும் வேணாம். இதுக்கு எதுக்குத் தனி வீடு?"

அவள் யோசித்தாள். "சரிதான் சார், இருக்கட்டும். ஆனா எக்ஸைத் தொடக் கூடாது."

அந்தச் 'சரிதான்' என்ற சொல்லை அவர் வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோனார்.

மச்சினி வீட்டில் மூன்றாம் நாள் மத்தியானம் வரை போன் அடிக்கவில்லை. பொறுக்காமல் அவரே அடித்தார்.

"ஏதாவது மாட்டிக்கிச்சா?"

"இல்ல சார், நல்லா ஓடுது."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி முகம் தொங்கியது. மனைவி போனை வாங்கித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கொஞ்சம் படுக்கட்டும் என்று மச்சினி பாய் விரித்து, ஒரு தலையணையை நீட்டினாள்.

"ஒண்ணு போதுமா மாமா?"

வீடே சிரித்தது. மூட்டையும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.