ஞாயிறுப் பள்ளிச் சுவரும் எனெலெசி அக்காவின் வெங்காயமும்

எனெலெசி அக்கா ஞாயிறுப் பள்ளிச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் பெருவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவார். பெயர்ந்த இடத்தில் மஞ்சளுக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே ரோஜா நிறம்.

“இந்த நீலம் அடிச்சப்பதான் என் கடைசிக்குப் பல்லு முளைச்சுது. ரோஸு அடிச்ச கூட்டத்துல ஒருத்தன் நம்ம ஆட்டைப் பார்த்துப் பயந்து ஏணியை விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டான்” என்பார்.

மலாவியில் எங்கள் ஊருக்கு ஒவ்வொரு ஜூலையிலும் அமெரிக்காவிலிருந்து சபைத் தொண்டர்கள் வருவார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பது மாதர் சங்கத் தலைவியான அக்காவின் பொறுப்பு. எல்லாக் கூட்டத்துக்கும் அவர் காட்டுவது இந்த ஒரே சுவரைத்தான். வர்ணம் ஏறி ஏறிக் கதவு சட்டத்துக்குள் அடங்குவதில்லை. அந்தச் சந்து வழியாக ஆடுகள் நுழைந்துவிடும். எந்தப் பிள்ளை வராவிட்டாலும் அவை ஞாயிறுப் பள்ளிக்குத் தவறுவதில்லை.

ஒவ்வொரு கூட்டமும் போகும்போது அக்காவுக்கு ஒரு சட்டை கொடுத்துவிட்டுப் போகும். ‘ஆப்பிரிக்காவுக்குக் கைகொடுப்போம்’ என்று நெஞ்சில் எழுதிய சட்டையோடுதான் அவர் எரு அள்ளுவார். இன்னொன்றைப் போட்டுக்கொண்டு ஒரு வைக்கோல் பொம்மை ஓடைக்கரை வெங்காயப் பாத்தியில் கோழி விரட்டுகிறது.

அந்தப் பாத்தியில்தான் போன வருடம் அது நடந்தது. பெயின்ட் வந்துசேரத் தாமதமானதால் தொண்டர்கள் களை எடுக்கக் கிளம்பினார்கள். வெங்காய நாற்றைப் புல் என்று நினைத்து வேரோடு பிடுங்கி, புல்லுக்குப் பாசத்தோடு தண்ணீர் ஊற்றினார்கள். விருந்தாளி செய்த வேலையில் குறை சொல்வது எங்களிடம் வழக்கமில்லை. அக்கா முழங்காலை மடித்துக் கைதட்டி நன்றி சொன்னார். அவர்கள் நெகிழ்ந்து அழுதார்கள். அக்காவும் அழுதார். வெங்காயம் விற்றுத்தான் மகள் தமாண்டாவின் படிப்பு. தமாண்டா அந்த வருடம் முழுக்க வீட்டில் இருந்தாள். இந்த வருட வெங்காயத்தை நம்பித்தான் மறுபடி பள்ளிக்கூடம் போகக் காத்திருக்கிறாள்.

இந்த முறை கூட்டத்துக்குத் தலைவர் ட்ரெவர் என்ற இளைஞர். வந்ததும் சுவரைத் தடவிப் பார்த்தார். அவர் சொன்னதை ஊர்ப் பள்ளிக்கூட டீச்சரான நான் அக்காவுக்கு மொழிபெயர்த்தேன்.

“சுவர் நல்லாத்தானே இருக்கு அம்மா? இதுக்குப் பெயின்ட் எதுக்கு? நாளைக்கு உங்க தோட்டத்துல வந்து களை எடுக்கறோம்!”

பின்னால் நின்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அக்கா கைதட்டினார்.

“ரொம்பச் சந்தோஷம் தம்பி. நல்லா இருங்க. முதல்ல டீ குடிங்க.” அதே சிரிப்போடு என் பக்கம் திரும்பினார். “டீச்சர், இதை மட்டும் அவங்ககிட்ட சொல்லாத. இவனுங்க மறுபடி என் பாத்தியில கால வெச்சா நான் ஓடையில குதிச்சிருவேன்.”

“என்ன சொல்றாங்க?” என்றார் ட்ரெவர் ஆவலாக.

“சர்க்கரை எத்தனை கரண்டின்னு கேக்கறாங்க.”

அவர்கள் டீயோடு பாட ஆரம்பித்ததும் அக்கா என்னை அதே சுவரின் பின்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“வேண்டாம்னு சொல்லிடலாமே அக்கா?”

“கடல் தாண்டி வந்த பிள்ளைங்க. மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசச் சொல்றியா?” என்றபடியே குழாயடியில் குந்தி செம்மண் சேற்றை அள்ளினார். “மழையில சுவரு பாழாப்போச்சுன்னு சொல்லு.”

“ஜூலையில மழையாக்கா?”

“அவங்க ஊர்ல பெய்யும்ல? தள்ளி நில்லு, உன் சட்டை வெள்ளை.”

முதல் உருண்டை சுவரின் நடுவில் பொத்தென்று அப்பியது. அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

“இதுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை ஒரு காலைப் பொழுதுக்குக்கூடக் காணாது.”

இரண்டாவதை இன்னும் பெரிதாக உருட்டினார். ஒரு கண்ணை மூடி, ஏணி இல்லாமல் யாருக்கும் எட்டாத கூரையோரத்தைக் குறிபார்த்து வீசினார்.