பல் டாக்டரைச் சொல்லி முடி வெட்டியவர்

என் பஞ்சர் கடைக்கு அடுத்தது அவருடைய சலூன். நடுவில் ஒற்றைச் சுவர்தான். அங்கே கத்திரி நின்றால் இங்கே எனக்குத் தெரியும். தெருவில் அவருக்குப் பெயர் மாப்பிள்ளை. நாற்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டதால் ஒட்டிக்கொண்டது.

அடம்பிடிக்கிற பிள்ளைக்கு முடி வெட்ட அவரை விட்டால் ஆள் கிடையாது. நாற்காலிக் கைகளுக்குக் குறுக்கே பலகையைப் போட்டு, பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து, முயல் படம் போட்ட துணியைக் கழுத்தில் கட்டுவார். பிறகு காதருகே குனிந்து, "தலையை ஆட்டினா பல் டாக்டர்கிட்ட விட்டுடுவேன்" என்பார். அவ்வளவுதான், பிள்ளை பொம்மை மாதிரி இருக்கும். கூட வந்த அப்பன்மார் சிரிப்பார்கள். என் பையனுக்கும் அங்கேதான் வெட்டினோம். நானும் சிரித்தவன்தான்.

அவருக்கு ஒரே மகள், நான்கு வயது. அம்மா துணிக்கடை வேலை முடிந்து வரும்வரை சலூன் பெஞ்சில் உட்கார்ந்து பல் உடைந்த சீப்புகளை அடுக்கி விளையாடும். வாயாடிப் பிள்ளை இல்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதன் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. ஒரு பக்கமாகவே மெல்ல ஆரம்பித்தது. சனிக்கிழமைக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கிய அவர் மனைவி, "பிள்ளையைக் கொஞ்சம் பழக்கி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளைக்கு ஒரே தெம்பு. சாய்கிற நாற்காலி, விளக்கு, துணி, எல்லாம்தான் கடையிலேயே இருக்கிறதே!

அன்று சாயங்காலம் நான் சவரத்துக்குக் காத்திருந்தேன். இன்னொரு நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு ஊறிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மகளைப் பலகையில் ஏற்றித் துணியைக் கட்டினார்.

"தங்கம், சனிக்கிழமை நாம பல் டாக்டர்கிட்ட போறோம். இப்படித்தான் உட்காரணும். எங்க, ஆ காட்டு."

பிள்ளை அழவில்லை. கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தது.

"நான் ஆட்டவே இல்லையேப்பா. என்ன தப்பு செஞ்சேன்?"

நுரைக்காரர் குபீரென்று சிரித்தார். "மாட்டினீங்களா மாப்பிள்ளை!"

"அது அந்த அண்ணனுங்களைச் சும்மா மிரட்டச் சொன்னதும்மா."

"அப்ப பொய்யா?"

"பொய்யின்னு இல்ல…"

"அப்ப நெஜமா?"

சலூனில் முகத்தை ஒளிக்க இடம் கிடையாது. முன்னால் கண்ணாடி, பின்னால் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அசடு வழிய அவரேதான் நின்றார். பிள்ளை வாயை இறுக்க மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு பல் தேய்த்துவிடக்கூட அவரிடம் திறக்கவில்லையாம்.

இரண்டொரு நாளில் ஒரு வாண்டு பலகையில் துள்ளியது. "உங்க பல் டாக்டர் மந்திரத்தை எடுத்து விடுங்க" என்றார் அதன் அப்பா. மாப்பிள்ளை பெஞ்சில் இருந்த மகளை ஒரு பார்வை பார்த்தார். மந்திரம் சொல்லாமலே வெட்டினார். முடி கோணலாகப் போய், "தொழில் மறந்துபோச்சா?" என்று திட்டும் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை, "துணைக்கு வாப்பா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தேய்த்த சட்டை, கையில் ஒரு பை. பைக்குள் முயல் துணி. அது இருந்தால்தான் வருவேன் என்று மகள் சொல்லிவிட்டதாம்.

டாக்டரம்மா சின்ன வயசு. பேச்சுவாக்கில் தொழிலைக் கேட்டார். இவர் சொன்னார்.

"ஓ, அந்தச் சலூன் நீங்கதானா? உங்க தெருப் பிள்ளைங்க உள்ள நுழையும்போதே 'நான் தலையை ஆட்டலை, விட்டுடுங்க'ன்னு கெஞ்சுதுங்க. ஏன்னே புரியலை. போன வாரம்தான் ஒரு பையன் விஷயத்தைச் சொன்னான்."

அந்தம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாப்பிள்ளையும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவர் தரையைப் பார்த்தார். நானும் தரையைத்தான் பார்த்தேன்.

பிள்ளை நாற்காலியில் ஏறவே இல்லை. அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. வாய் பூட்டியபடி. "கட்டாயப்படுத்த வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று டாக்டரம்மா எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை மண்டியிட்டார். கதவு திறந்தே கிடந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொய்தாம்மா. அப்பா சொன்னது பொய். இங்க தப்பு செஞ்ச பிள்ளைங்களைக் கொண்டுவர்றதில்ல. பல்லு வலிச்சா எல்லாரும் வருவாங்க."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார், தானே ஏறிப் படுத்தார். "முதல்ல எனக்குப் பாருங்கம்மா." ஊரில் உள்ள தலையையெல்லாம் சாய்த்த மனுஷன், தன் தலையைச் சாய்க்கத் தெரியாமல் கழுத்தை விறைத்துக்கொண்டு கிடந்தார்.

மகள் பையிலிருந்து துணியை எடுத்து அவர் மார்பில் விரித்தது. டாக்டரம்மா குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டதும் அவருக்குத் தலை வெடவெடத்தது.

"ஆட்டாதீங்கப்பா. ஆட்டினா சலூன்ல விட்டுடுவேன்."

வெளியே பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை வாயைப் பிளந்து கிடந்தார். காது மடல் மட்டும் சிவந்துகொண்டே போனது.

இறங்கியதும் பிள்ளை துணியைத் தன் கழுத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டியது. "கட்டுங்க."

ஒரு நாளைக்கு எத்தனை கழுத்துக்குக் கட்டுகிற கை! அன்றைக்கு அந்தச் சின்ன முடிச்சு விழவே நேரமாயிற்று.