நீல மீனின் வால்

என் மனைவி காலமான பிறகு, பிரிஞ்சாங் மலையூரில் இருக்கும் மகள் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தேன். சென்ற வாரம் மகள் தன் பையனின் மீன் தொட்டியைத் தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒற்றைச் சண்டை மீன். அதன் வாலின் ஓரம் கந்தலாகிக் கிடந்தது.

"தனியாத்தானப்பா இருக்கு. யாரு கடிச்சிருப்பா?"

எனக்கு விடை தெரியும். சொல்ல மனம் வரவில்லை. "தண்ணியக் கொஞ்சம் சூடா வச்சிப் பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சால்வைக்குள் கைகளை இழுத்துக்கொண்டேன். அவள் போனபின் வெகுநேரம் வேறொரு மீனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசையான லயத்தின் கடைசி வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்து வயதிருக்கும். திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகும் லோரியொன்று வெறுமையாகத் திரும்பிய நாளில், அதிலிருந்து அம்மாவின் தம்பி இறங்கினார். ஒரு கையில் துணிப்பை. மறு கையில், மார்போடு அணைத்தபடி, ஒரு ஜாம் போத்தல். போத்தலுக்குள் நீல நிறத்தில், நீண்ட வாலுடன் ஒரு சண்டை மீன். மாமா கீழே சமவெளியில், தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அத்தை பிரசவத்தில் இறந்து அதிக நாள் ஆகவில்லை, குழந்தையும் தங்கவில்லை. அந்த மீனை வளர்த்தது அத்தை. இவை அனைத்தும் எனக்குத் தெரிந்திருந்தன; பாடப்புத்தகத்து ஆறுகளின் பெயர்கள் தெரிந்திருந்ததைப் போல.

அப்பா சொல்லி வைத்ததில் மாமாவுக்குத் தேயிலைச் செடிகளை ஒட்டக் கத்தரிக்கும் கவ்வாத்து வேலை கிடைத்தது. வந்த சில நாட்களில் லயமே அவரைச் சுற்றிக் கூடியது. துரையின் பழைய கார் மேடேறத் திணறுவதை வாயாலேயே செய்து காட்டுவார். வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிட்டுக்கொண்டே இருமுவதை, கிராணியைவிட நன்றாக இருமுவார். குழாயடியில் பெண்கள் பேசியது என் காதிலும் விழுந்தது. "பொண்டாட்டி செத்த ஈரம் காயல, சிரிப்பப் பாரேன்." அம்மா நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

மீனை மாமா என்னிடம் ஒப்படைத்தார். "இந்தா மருமவனே, இனி ஒன் பொறுப்பு. இது சோறும் கேக்காது, சொக்காயும் கேக்காது."

வெறுமனே வளர்ப்பது எனக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் பின்னால் பையன்கள் மீன்களோடு கூடுவார்கள். இரண்டு போத்தல்களை ஒட்டி வைத்து, நடுவே செருகிய அட்டையை உருவிவிட வேண்டும். இரண்டு மீன்களும் செட்டையை விரித்து நிற்கும்; எது முதலில் சுருக்கிக்கொள்கிறதோ அது தோற்றது. கங்காணி வீட்டுப் பேரனின் சிவப்பு மீன் அதுவரை தோற்றதே இல்லை. என் மீனின் வாலைக் கண்டால் அது அடங்கிப்போகும் என்று நான் நம்பினேன். அந்தப் பேரன் முன்னதாகவே பார்வையிட வந்தான்.

"என்னலா இது, பாவாடை கட்டியிருக்கு? சண்டைக்கு வருதா, டான்ஸ் ஆட வருதா?"

அழுகையை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு மாமா ஒரு வித்தை காட்டினார். அப்பாவின் சவரக் கண்ணாடியைப் போத்தலுக்கு எதிரே பிடித்தார். மீன் தன் உருவத்தைக் கண்டு செவுளை உயர்த்தி, குடை விரிவதுபோல் விரிந்தது. அன்றுமுதல் காலையும் மாலையும் நான் அதற்குப் பயிற்சி கொடுத்தேன். பிறகு, அப்பா முகம் மழிக்கும் நேரம் தவிர, கண்ணாடியைப் போத்தலின் முன்னேயே சாய்த்துவைத்துவிட்டேன்.

ஒரு காலை எழுந்து பார்த்தபோது வாலில் ஒரு துண்டைக் காணவில்லை. மறுநாள் மேலும் கொஞ்சம் குறைந்திருந்தது. பூனையாக இருக்க முடியாது. போத்தலுக்கு ஓட்டை போட்ட மூடி இருந்தது. நான் நேரே கங்காணி வீட்டு வாசலுக்குப் போய்க் கத்தினேன்.

"நீதான் என் மீன் வால வெட்டுன!"

"போலா! அந்தப் பாவாடையத் தொட்டா எங்கம்மா என்னக் குளிக்காம வீட்டுக்குள்ள விடாது."

அவன் பாட்டனாரும் சேர்ந்து சிரித்தார். நான் திரும்பிவந்து, போத்தலைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவிவைத்தேன். விடிந்தபோது சாம்பலில் ஒரு விரல் தடமும் இல்லை. வால் மட்டும் இன்னும் குட்டையாகியிருந்தது. குளிர்தான் காரணம் என்று அம்மா தன் கிழிந்த கம்பளிச் சட்டையைப் போத்தலுக்குச் சுற்றிவிட்டார்.

மறுநாள் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் படுத்துக்கொண்டேன். பெரியவர்கள் மலைக்கு வேலைக்குப் போன பின், கம்பளியைச் சற்று விலக்கி, போர்வைக்குள் இருந்தபடி காவல் காத்தேன். சன்னலுக்கு வெளியே பனிமூட்டம். மீன் அசையாமல் நின்றது. உறங்கிவிட்டதென்று நினைத்த கணத்தில், வில்லைப்போல் வளைந்து தன் வாலைத் தானே கவ்வி உதறியது. நீலத் துணுக்கொன்று மெல்லக் கீழே இறங்கியது. சிறிது நேரம் கழித்து மீண்டும் வளைந்தது. எதிரி எங்கிருந்தாவது வெளிப்படுவான் என்று நான் காத்திருந்தேன்.

மாலையில் மாமாவிடம் சொன்னேன். அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் நகங்கள் சதைவரை தேய்ந்து, விரல் ஓரங்கள் புண்ணாகியிருப்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். கவ்வாத்துக் கத்தி பிடித்தால் அப்படித்தான் ஆகும்போல என்று எண்ணிக்கொண்டேன். கவ்வாத்து வெட்டும் மற்றவர்களின் கைகளை நான் பார்த்ததில்லை.

"நீயே பாத்தியா?"

"பாத்தேன் மாமா. உள்ள வேற யாருமே இல்ல. அதுவேதான் கடிச்சிக்குது."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மீன் இருமுவதையும் செய்து காட்டக்கூடிய மனிதர் அவர். ஈரக் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு உள்ளே வந்தார். போத்தலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை எடுத்து, அதன் முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினார்.

"இனிமே இதுக்குக் கண்ணாடி காட்டாத."

"அப்ப ஞாயித்துக்கெழம?"

"தோத்துட்டோம்னு சொல்லிரு மருமவனே."

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. மாமா அந்தப் பக்கம் திரும்பி, "போயி அவ அம்மா மொகத்துல முழிக்கணும்க்கா. பொதைச்ச அன்னிக்கோட ஓடியாந்துட்டேன்" என்றார். அம்மா தலையை அசைத்தார். என்னிடம் மாமா சொன்ன காரணம் வேறு. "மீனுக்கு இந்தக் குளிரு ஒத்துக்கல. நான் கீழ கொண்டு போறேன்."

ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் பின்னால் பையன்கள் கூடிக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் சாலையோரம் லோரிக்காக நின்றோம். கம்பளி சுற்றிய போத்தல் மறுபடியும் மாமாவின் மார்போடு இருந்தது. லோரி வந்ததும் அம்மா சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தார். பிறகு தம்பியின் விரல்களைப் பற்றிக்கொண்டார். ஓட்டுநர் ஹார்ன் அடித்தும் விடவில்லை.

"கைய வாயில வைக்காத தம்பி."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மீசை வைத்த மனிதரிடம், விரல் சூப்பும் என் சின்னத் தங்கைக்குச் சொல்வதைச் சொல்கிறாரே என்று. மாமாவும் என்னைப்போலவே சிரித்துக் காட்டினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மீனுக்குக் குளிர்கிறது என்பதற்காகக் கிடைத்த வேலையை விட்டுப்போகிறாரே என்ற கோபத்தில், லோரி வளைவில் மறையும்வரை நான் கையசைக்காமல் நின்றேன்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்கு எங்களைக் கீழே அழைத்துப்போனார்கள். அத்தையின் பெற்றோர் வீட்டில், வெயில் எட்டும் ஒரு பலகைமேல் போத்தல் இருந்தது. நான் ஓடிப்போய் முதலில் அதைத்தான் பார்த்தேன். வால் மீண்டும் வளர்ந்திருந்தது. புதிதாக முளைத்த ஓரம் மட்டும் சற்று வெளிறியிருந்தது. போத்தலை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டியவர் மாமா. அவர் விரல்களைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.