நரைத்த தலையும் குழறிய நாக்கும்

முப்பது தாண்டியதுமே என் தலை முழுக்க வெளுத்துவிட்டது. சாயம் பூசினால் தோல் அரித்ததால் அதையும் விட்டுவிட்டேன். நாற்பத்தாறு வயதுக்குள் பேருந்தில் எழுந்து இடம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்துகொள்வேன்.

போன ஆடியில் ஒரு காலை, பட்டுப்புடவை ஒன்றின் முந்தானைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தேன். வலது கையில் நூல் நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வாசலில் குடத்தோடு வந்தாள். கை ஒரு மாதிரி இருக்கிறது என்று அவளிடம் சொல்லப் பார்த்தேன். வாயிலிருந்து வேறு ஏதோ சத்தம்தான் வந்தது.

"என்னா ஆயா, பல்லு செட்டு போடலியா?" என்று பிரியமாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

கணவர் ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குப் போயிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு நடந்தேன். டாக்டர் இன்னும் வரவில்லை. முன்னால் டோக்கன் கொடுக்க உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "பேச்சு வரல" என்றேன். எனக்கே புரியாதபடி அது குழைந்து விழுந்தது.

"வயசானா அப்டித்தான் ஆயா. ஒக்காரு, டாக்டர் வந்துக்கினு இருக்காரு."

பக்கத்தில் இருந்த அம்மாள், "எங்க மாமியாரும் இப்டித்தான் பேசும். ஒண்ணும் வெளங்காது" என்றார்.

நேற்று வரை நன்றாகப் பேசினேன் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நாக்கு புரளவில்லை. கடைவாயில் எச்சில் ஒழுகியது. யாருமே பதறவில்லை. இப்படியே இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்விடுவேன், வயதான கிழவி போய்ச் சேர்ந்தாள் என்பார்கள் என்று பயந்துபோனேன்.

இடது கையால் தட்டுத்தடுமாறி, தென்னேரியில் இருக்கும் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். "அக்கா" என்ற ஒரு சொல்தான் சொன்னேன்.

"ஏய், ஏன் இப்டிப் பேசற? என்னா ஆச்சு? பக்கத்துல யார்கிட்டனா போனைக் குடு."

கிளினிக் பெண்ணிடம் நீட்டினேன். அக்காவின் குரல் எனக்கும் கேட்டது.

"அவளுக்கு நாப்பத்தாறு வயசுதாம்மா. நேத்து சாயந்தரம்கூட என்கிட்ட வாய் ஓயாம பேசிக்கினு இருந்தா. வாய் கோணிக்கினு இருக்குதா பாரு."

அந்தப் பெண் அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். சட்டென்று எழுந்து வாசலுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். தானும் ஏறிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என் கையை விடவில்லை. அவள் உள்ளங்கை என்னுடையதைவிட அதிகமாக வியர்த்திருந்தது.

மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று சொல்லி ஊசி போட்டார்கள். கை சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பியது. பேச்சு மெல்ல மெல்லத் தெளிந்தது.

பயம் மட்டும் போகவில்லை. காலையில் கண் விழித்ததும் கணவரிடம் வாய்க்கு வந்த எதையாவது பேசுவேன். "நல்லாத்தான் பேசற, எழுந்திரு" என்று அவர் சொல்லும் வரை கட்டிலை விட்டு இறங்குவதில்லை.