ஈரப் பல்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. அதற்குள் நகத்தைப் போல மெல்லிய ஒரு பீங்கான் ஓடு. செட்டிகுளத்துக் கொத்தனார் ஒருவரின் முன்பல்லுக்காகச் செய்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

பெரம்பலூரில் நான் பல் மருத்துவமனை தொடங்கிய புதிதில் வந்தவர் அவர். சாரம் சரிந்து விழுந்ததில் முன்பல் பாதி உடைந்திருந்தது. பேசும்போது துண்டால் வாயை மூடிக்கொள்வார். "பொண்ணு கல்யாணத்துலயாச்சும் துண்டு இல்லாம நிக்கணும் டாக்டரம்மா" என்றார். அந்தப் பல்லின் மேல்தான் இந்தப் பீங்கான் ஓட்டை ஒட்டினேன். பல்லில் துளி ஈரம் இருந்தாலும் அந்தப் பசை பிடிக்காது. பஞ்சு வைத்து, காற்றடித்து உலர்த்தி, "வாயைத் தொறந்தபடியே இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்று ஓட்டில் பசை தடவுவேன். பிறகு பொருத்தி, நீல விளக்கைக் காட்டி இறுக வைப்பேன். கொஞ்ச நாளில் கழன்றுவிட்டது. மலைக்கோயில் விபூதிக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். மறுபடி ஒட்டினேன், மறுபடி கழன்றது. பசையை மாற்றினேன். ஓடு செய்து கொடுத்த திருச்சிக்காரரோடு போனில் சண்டை போட்டேன். கடைசியாக ஒட்டியது மணமேடையில் ஏறியதுமே விழுந்தது. கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் துண்டோடுதான் நிற்கிறார். விழுந்த பீங்கான் ஓட்டை மகளிடம் கொடுத்தனுப்பினார். அவர் வரவில்லை.

போன வருடம் பக்கத்துக் கட்டடத்தில் பூச்சு வேலைக்கு வந்திருந்தார். சுவரில் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"காஞ்ச சொவத்துல பூச்சு நிக்காதுங்க. உங்ககிட்டகூட, நீங்க அந்தாண்ட திரும்புனதும் பல்ல நாக்கால நல்லா நனைச்சு வச்சுக்குவேன். காத்தடிச்சுக் காய வச்சுட்டீங்களேன்னு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அதனாலதாங்க ஒட்டல! சொல்லியிருக்கக் கூடாதா?"

"படிச்சவங்ககிட்ட எப்படிங்க சொல்றது? உங்க வேலை நிக்கணுமேன்னுதான் பண்ணேன்."

"சரி, உள்ள வாங்க. அந்த ஓடு எங்கிட்டயேதான் இருக்கு. இப்பவே ஒட்டிடலாம்."

அவர் துண்டை வாய்க்குக் கொண்டுபோனார். "அந்தப் பல்ல வேற எடத்துல புடுங்கிட்டேங்க. உங்கள எத்தனை தடவதான் கஷ்டப்படுத்துறது?"

டப்பாவைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அந்த ஓட்டில் இன்றுவரை ஒரு கீறல்கூட இல்லை.