கல்சியம் ஏறிய கச்சான் காலம்

என் மனைவி வெருகல் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அன்புவழிபுரத்து வீட்டின் முன்னறையில் நான் கடல் மீன் தொட்டி வைத்த அன்று, அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கட அப்பா சீவியம் முழுக்கத் தண்ணிக்குள்ள இருந்து மீனைக் கொண்டுவந்தவர். நீங்கள் மீனுக்குத் தண்ணி சுமக்கப் போறீங்கள்."

சுமக்கத்தான் வேண்டியிருந்தது. துறைமுகத்துத் தண்ணீரில் கப்பல் எண்ணெய் இருக்குமென்று, சனிக்கிழமைகளில் உப்புவெளிக் கடற்கரை வரை போய், மோட்டார் சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வருவேன். வழியில் தெரிந்தவர்கள் மறித்து, "சேர், எங்க எண்ணெய் குடுக்கினம்?" என்று கேட்பார்கள். எரிபொருள் தட்டுப்பாடு தீர்ந்தும், கேனைக் கண்டால் வரிசையைத் தேடுகிற பழக்கம் எங்கள் சனங்களை விட்டு இன்னும் போகவில்லை. கடல் தண்ணீர் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஒளிக்கிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

தொட்டியில் செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு கோமாளி மீன்கள், உள்ளங்கையளவு பவளத் துண்டு ஒன்று. பவளப் பாறை கூப்பிடு தூரத்தில் கிடக்கிற ஊரில் இருந்துகொண்டு அந்தத் துண்டைக் கொழும்பிலிருந்து பஸ்ஸில் எடுப்பித்தேன். இங்கே கடலில் கிள்ளினால் வழக்கு. அங்கே வளர்த்ததைக் கடையில் வாங்கினால் பொழுதுபோக்கு.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். ஆகவே மீன்களைவிட, அவற்றோடு வந்த பரிசோதனைப் பெட்டிதான் என் மனதைப் பிடித்தது. குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சின்னப் போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாறும்போது எத்தனை சொட்டு என்று எண்ணியிருந்தால் கல்சியம் தெரியும். இன்னொரு போத்தலில் காரத்தன்மை, இன்னொன்றில் மகனீசியம். இவையெல்லாம் பவளம் தன் கூட்டைக் கட்டுவதற்கு. நைத்திரேற்றுக்கு மட்டும் நிற அட்டை. மீன் தின்னாமல் விட்ட தீனும் கழிவும் அழுகினால் அது ஏறும். நான் சொட்டு எண்ணும்போது வீட்டில் ஒருவரும் கதைக்கக் கூடாது. "மத்தியானம் என்ன காய்ச்ச?" என்று கேட்டு மனைவி எண்ணிக்கையைக் குழப்பினால், முதலிலிருந்து தொடங்கி, அவளுக்குக் கேட்கத்தக்கதாகப் பெருமூச்சு விடுவேன்.

பெட்டிக்குள் உப்பு அளக்கிற, மிதக்கவிடும் கண்ணாடிக் கோல் ஒன்றும் இருந்தது. அதை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. கடலில் அள்ளிய தண்ணீருக்கு உப்புப் பார்க்க எனக்கென்ன விசரா?

மனைவியின் ஏளனம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. காலையில் தீன் போடுவது அவள் வேலையாயிற்று. இரண்டு மீனுக்கு இரண்டு சிட்டிகை. சிறிய மீன் அவள் விரல் நுனிவரை வந்து முட்டும். "சின்னவன் வந்திட்டான்" என்று குசினி வரைக்கும் கேட்கச் சொல்வாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கும். ஆனால் நான் சோதனை முடிவுகளை எழுதுகிற கொப்பியில்தான் கண்ணாக இருந்தேன்.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட கச்சான் காற்றுத் தொடங்கியது. ஊரே காய்ந்தது. வெக்கைக்கு மீன் செத்துவிடுமென்று தொட்டிக்கு மேலே விசிறி பூட்டினேன். நாளுக்கொரு விரற்கடை தண்ணீர் குறைந்தது. குறைந்த அளவைக் கேனிலிருந்து கடல் தண்ணீர் விட்டு நிரப்பினேன். கடல் குறைந்தால் கடலைத்தானே விட வேண்டும்.

அப்போதுதான் என் முடிவுகள் ஏறத் தொடங்கின. நானூற்று இருபதில் நின்ற கல்சியம் ஐந்நூறைத் தாண்டியது. எட்டில் நின்ற காரத்தன்மை ஒன்பதரைக்கு வந்தது. மகனீசியமும் பின்தங்கவில்லை. வரைபுத் தாளில் மூன்று கோடுகள் கீறி, ஆசிரியர் ஓய்வறைக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்தேன். கணிதம் படிப்பிக்கிற டீச்சர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"மூண்டும் ஒரே விகிதத்தில ஏறுது, சேர். அதெப்பிடி?"

"அதுதான் டீச்சர் சமநிலை" என்றேன். அவர் கேள்வி கேட்டதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் பவளம் சுருங்கி மூடிக்கொண்டது. சின்னவன் மூலையில் கிடந்து வேகமாக மூச்சு வாங்கினான். விரலுக்கு வரவில்லை.

"இஞ்சேருங்கோ, இவனுக்கு ஏலாமக் கிடக்கு" என்றாள் மனைவி.

நான் நான்கு குழாயும் எடுத்து நான்கு சோதனையும் செய்து, கொப்பியை அவளிடம் நீட்டினேன். "எல்லா முடிவும் திறம். முந்தியைவிடத் திறம். உமக்கு இது விளங்காது."

"எனக்குக் கொப்பி விளங்காது. மீன் விளங்கும்" என்றாள்.

இரண்டாம் தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்துகிற நேரம் அது. கடல் நீரிலிருந்து உப்புப் பெறுவது பற்றி நானே ஒரு வினா போட்டிருந்தேன். ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: 'ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு பாத்தியில் தங்கிவிடும். மீண்டும் மீண்டும் கடல் நீரை விடும்போது செறிவு கூடிக்கொண்டே போகும்.' தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, அந்த விடைக்கு முழுப் புள்ளியும் போட்டு, பக்கத்தில் 'மிக நன்று' என்றும் சிவப்பு மையால் எழுதினேன். எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தொட்டிக்குள் ஒரு செம்பு கடல் தண்ணீர் விட்டேன்.

மத்தியானம் சோற்றில் முதல் கை வைத்ததுமே எனக்குக் கோபம் வந்தது.

"என்ன இது, குழம்பு ஒரே கரிப்பு?"

"நீங்கள் கோட்டுப் படத்தை வைச்சுக் கதை சொல்லிக்கொண்டு நிண்டதில அடுப்பில வத்திப் போச்சு. பொறுங்கோ, கொஞ்சம் பச்சைத் தண்ணி விட்டுக் கொதிக்க வைச்சுத் தாறன்."

பச்சைத் தண்ணீர். கை சோற்றில் அப்படியே நின்றது. மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குழம்புக்கு உப்புத் தண்ணியே விடுறது?" என்று சிரித்தாள்.

கை கழுவாமல் ஓடினேன். உறையைக் கிழித்துக் கண்ணாடிக் கோலைத் தொட்டியில் விட்டேன். இருக்க வேண்டிய கோட்டை விட எவ்வளவோ மேலே எழும்பி, நட்டுவைத்த கம்புபோல் நின்றது. கல்சியமும் மகனீசியமும் தனியாக ஏறவில்லை. தண்ணீர் போகப் போக எல்லாமே சேர்ந்து ஏறியிருந்தன. டீச்சர் கேட்டது அதைத்தான். பிள்ளை எழுதியதும் அதைத்தான். ஊருக்கு உபதேசம் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான் அறியாமல் இருந்தேன். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

ஒரேயடியாக நல்ல தண்ணீர் விட்டால் அந்த மாற்றமே கொன்றுவிடும். வடிகட்டிய குடிதண்ணீர் வாங்கி, வேளைக்கு ஒரு செம்பாக விட்டேன். கோல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. மூன்றாம் நாள் காலை அது சரியான கோட்டுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. சின்னவன் மேலே மிதந்தான். மனைவி கையாலேயே எடுத்து, வெளியே செவ்வரத்தைச் செடிக்குக் கீழே தாட்டாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

மற்ற மீன் பிழைத்தது. பவளமும் விரிந்தது. இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மறுபடி பெட்டியைத் திறந்தேன். முதலில் உப்புப் பார்த்தேன். சரியாக இருந்தது. கல்சியம், காரத்தன்மை, மகனீசியம் எல்லாம் பழைய இடத்துக்கு வந்திருந்தன. நைத்திரேற்று மட்டும் ஏறியிருந்தது.

நிற அட்டையைப் பிடித்தபடி குனிந்து பார்த்தேன். அடி மணலில் தின்னாத தீன் கிடந்தது. அவள் இன்னும் காலையில் இரண்டு சிட்டிகைதான் போடுகிறாள்.

நான் பிழையில்லாமல் விளங்கிக்கொண்ட முதல் முடிவு அதுதான். கொப்பியில் எழுதவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. மணலைத் துப்புரவாக்கிவிட்டு, தண்ணீர் மாற்றுவதற்குக் கேனை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனேன்.