தாராவியில் கறியில்லாத அசனம்

போன நவம்பரில் நான் மும்பைக்குப் போனதற்கு ஒரே காரணம் ஆட்டுக்கறிதான். வீட்டில் கேட்டவர்களிடம் "தங்கச்சியைப் பார்த்து நாலு வருஷமாச்சு" என்று சொன்னேன். ஆலயத்தில் கேட்டவர்களிடம் "சபை ஐக்கியத்துக்காக" என்றேன். இந்த வலைப்பூவை வாசிக்கிறவர்களிடம் பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை. என் தொப்பையின் படம் இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே இருக்கிறது.

அசனம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஆலயங்களில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பொதுப்பந்தி அது. கடவுள் எல்லாரையும் ஒரே மாதிரி நேசிக்கிறார், ஆகவே எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல் எல்லாரும் தரையில் வரிசையாக உட்கார்ந்து ஒரே அண்டாவிலிருந்து சாப்பிட வேண்டும் என்பது சட்டம். சட்டம் அப்படி. இலையில் விழும் கறித்துண்டின் அளவு மட்டும், பரிமாறுகிறவர் உங்களுக்குச் சித்தப்பா முறையா என்பதைப் பொறுத்தது. என் தங்கை ஜெயராணி கல்யாணமாகித் தாராவிக்குப் போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. அங்கேயும் எங்கள் ஊர்ச்சனம் ஓர் ஆலயம் கட்டி, ஊரில் நடப்பதுபோலவே அசனம் நடத்துகிறார்கள்.

திருநெல்வேலியில் ஏறினால் நாகர்கோவில் – மும்பை ரயில் ஒன்றரை நாளில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஸ்லீப்பர் போதும். வெள்ளிக்கிழமை தாதரில் இறங்கினேன். தாதர், மாட்டுங்காப் பக்கம் ஆட்டோ கிடையாது, கறுப்பு மஞ்சள் டாக்சிதான். தாராவிக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய் ஆயிற்று. எனக்கு இந்தி பேச வரும் என்று எண்பதுகளில் ஒரு பரீட்சை சொன்னது. டாக்சிக்காரர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வாசிக்க வராது என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெயராணியோடு மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் வாழையிலைக் கட்டுகள் வாங்கினேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் மாட்டுங்காவைத் தவறவிடாதீர்கள். கறிவேப்பிலை, மல்லிகைப்பூ, டிகிரி காபி எல்லாம் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: எங்கள் பக்கத்தில் பாதிரியாரை 'ஐயர்' என்றுதான் சொல்வோம். காபிக்கடையில் நான் "நம்ம ஐயர் மட்டன்ல எலும்பு கேட்டு வாங்கித் தின்பாரே, இப்பவும் அப்படித்தானா?" என்று தங்கையிடம் விசாரித்தபோது, பக்கத்து மேஜையில் பாலக்காட்டுப் பெரியவர் ஒருவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த மேஜையில்தான் ஜெயராணி காதர் பாயைப் பற்றிச் சொன்னாள். ஆலயத்துக்கு எதிரே தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். கடையநல்லூர்க்காரர்.

"பதினோரு வருசமா அந்த மனுசன் பட்டறைய நிப்பாட்டி, மிஷினெல்லாம் ஓரமா தள்ளி, நமக்கு பந்தி போட எடம் தாராருண்ணே. ஆனா ஒரு தடவ கூட உக்காந்து கறி தின்னதில்ல. சாம்பார் சோத்த வாங்கி நின்னுக்கிட்டே தின்னுட்டு போயிருவாரு. நாங்களும் பாய்க்கு கூச்சம்னு நெனச்சோம்."

"கூச்சம் இல்லையா?"

"கறி எங்க வாங்குதோம்னு நாங்க சொன்னதே இல்ல. அவரு கேட்டதும் இல்ல. இந்த வருசம் நானே வீட்டுக்குப் போயி கேட்டேன். அவரு சம்சாரம்தான் சொன்னா, ஹலாலுன்னு தெரிஞ்சா திங்கலாம், தெரியாம எப்பிடிக்கா திங்கதுன்னு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. இந்த வருசம் நைன்ட்டி ஃபீட் ரோட்டுல அவரு மச்சான் கடையிலயே கறி எடுக்கோம். குடும்பத்தோட, பட்டறை ஆளுக எல்லாரும் வாராங்க. ரெண்டு தடவ வாக்கு குடுத்திருக்கேன்."

தங்கையின் வீடு பத்துக்குப் பதினைந்து. அதில் ஏற்கெனவே ஐந்து பேர். அதனால் அன்று மாலையே செம்பூரில் என் பள்ளித்தோழன் வீட்டில் போய்த் தங்கினேன். மாட்டுங்காவிலிருந்து லோக்கல் ரயில், குர்லாவில் மாற வேண்டும், கட்டணம் பத்து ரூபாய்க்குள்தான்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஜெயராணி போன் செய்தாள். வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், முப்பது கிலோ போதாது. "வரும்போது அதே கடைல இன்னும் பத்து கிலோ வாங்கிட்டு வந்துரு. சொல்லி வச்சிருக்கு. வேற எங்கயும் போவாத."

அசன நிபுணனான எனக்கு இப்படிச் சொன்னால் பிடிக்குமா? செம்பூரில், தோழன் வீட்டுத் தெருமுனையிலேயே ஒரு கறிக்கடை இருந்தது. சுத்தமான கடை, கண்ணாடிக் கதவு, கூட்டமே இல்லை. ஆடு ஆடுதானே என்று நினைத்தேன். கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்தும் பேசினேன். இந்தக் கட்டுரைக்காகக் கடைவாசலில் பையைத் தூக்கிப்பிடித்து ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் சயான் வரை நூற்றுப்பத்து ரூபாய். அங்கிருந்து பத்து கிலோவைச் சுமந்து இருபது நிமிடம் நடந்தபோது என்னை நானே கற்பலகை சுமந்த மோசேயாக நினைத்துக்கொண்டேன். எட்டேகாலுக்குத் தவசிப்பிள்ளை, அதாவது எங்கள் சமையல்காரர், பையை வாங்கி முப்பது கிலோவோடு கொட்டினார்.

ஆராதனை பதினொன்றுக்கு முடிந்தது. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்காதீர்கள். ஜன்னல் வழியாகக் கறி மணம் வந்துகொண்டிருந்தது. வெளியே வந்து, ஜெயராணியின் மகள் ஷைனியிடம் படத்தைக் காட்டினேன். மும்பையிலேயே பிறந்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், இந்தி தண்ணிபட்ட பாடு.

"மாமா, இது எந்தக் கடை?"

"செம்பூர். எப்படி, லுக்கா இருக்கேனா?"

"உங்கள விடுங்க. போர்டுல என்ன போட்டிருக்குன்னு தெரியுமா?"

"மட்டன்னு போட்டிருப்பான்."

"ஜட்கா மட்டன்னு போட்டிருக்கு."

ஜட்கா என்றால் ஆட்டை ஒரே வெட்டில் கொல்வது. சிலர் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். கடைக்காரர் ஒளிக்கவில்லை, ஒரு முழ எழுத்தில் எழுதித்தான் வைத்திருந்தார். ஆனால் அது ஹலால் இல்லை. முஸ்லிம்கள் சாப்பிட மாட்டார்கள். அது முழுக்க அண்டாவுக்குள் கரைந்து, ஏலக்காய் வாசத்தோடு கொதித்துக்கொண்டிருந்தது.

"ஷைனி, இது உனக்கும் எனக்கும் மட்டுந்தான தெரியும்?"

"ஆமா."

"ஆடு எந்திரிச்சு வந்து சாட்சியா சொல்லப்போவுது?"

அவள் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். படத்தின் கீழே குப்பைத்தொட்டி அடையாளம். ஒரு தட்டுத் தட்டினால் போதும். உண்மையைச் சொல்கிறேன், கட்டைவிரல் அதன் மேலேதான் இருந்தது. எதிரே பட்டறைக்குள் காதர் பாய் புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இலை போட வசதியாகத் தானே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டைதான் என்னைக் கெடுத்தது. மடிப்புக்கூடக் கலையாத சட்டை.

ஜெயராணியிடம் சொன்னேன். அவள் கரண்டியை அண்டா விளிம்பில் வைத்தாள்.

"நீ பேசாத. நீ இனி ஒரு வார்த்த பேசாத."

கமிட்டிக்காரர்கள் அண்டாவைச் சுற்றிக் கூடினார்கள். செயலாளர் தங்கராஜ் அண்ணாச்சி வழக்கம்போல யோசனை வைத்திருந்தார். "பாய் வீட்டாளுகளுக்கு சாம்பார் ஊத்திருவோம். மத்தவங்களுக்கு கறி. அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"பதினோரு வருசமா அதான அண்ணாச்சி நடக்கு" என்றாள் ஜெயராணி. "அவங்க ஒண்ணும் நெனைக்கல. நாமதான் நெனைக்கல."

"அதுக்கு நாப்பது கிலோ கறிய என்ன செய்ய?"

"அசனத்துல ரெண்டு எலை கெடையாது. கறி இருந்தா எல்லாருக்கும். இல்லன்னா ஒருத்தருக்கும் வேண்டாம்."

ஐயர் ஒரு நிமிடம் அண்டாவையே பார்த்தார். எலும்பு கேட்டு வாங்கும் மனிதர் என்று முன்பே சொன்னேன். பிறகு நேரே மைக்குக்குப் போய், நடந்ததை நடந்தபடி, என் பெயரையும் சேர்த்து, சொல்லிவிட்டார். இந்த வருடம் சோறு, சாம்பார், கூட்டு, ரசம், மோர் மட்டும். முந்நூறு பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் காலைச் சாப்பாட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு பெருமூச்சு எழுந்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐயரே, வாசம் பிடிச்சிக்கிடலாம்ல? அதுக்குத் தடையில்லைல?" எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர்கூட எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. இதை நான் பெருமையாக எழுதுகிறேன், நீங்களும் அப்படியே வாசிக்க வேண்டும். பசித்திருக்கும் முந்நூறு திருநெல்வேலிக்காரர்களைக் கறி அண்டாவுக்குப் பத்தடி தூரத்தில் உட்காரவைத்து, சாம்பாருக்குச் சம்மதிக்கவைத்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

காதர் பாயிடம் நேரில் சொல்ல வேண்டியவன் நான்தான். போனேன். மைக் சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது.

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே அண்ணாச்சி."

"தெரிஞ்சிருக்காது."

அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார். "எனக்காக எல்லாரும் எதுக்கு பட்டினி கெடக்கணும்? நா பாட்டுக்கு நின்னுக்கிட்டு..."

"நின்னுக்கிட்டு திங்கக்கூடாதுன்னு தங்கச்சி சொல்லிட்டா பாய். அவகிட்ட இன்னிக்கு எதுத்துப் பேசுத தைரியம் எனக்கு இல்ல. உங்களுக்கு இருந்தா போயி பேசுங்க."

அண்டாப் பக்கம் எட்டிப் பார்த்தார். அவருக்கும் இல்லை.

கறிக்கு வழி கண்டுபிடித்தவரும் அவர்தான். டிராம்பேப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, ஜனம் அதிகம், கறியைப் பார்ப்பது அபூர்வம் என்றார். பை ஏற்றிப்போகும் டெம்போவையும் கொடுத்தார். தங்கராஜ் அண்ணாச்சி தயங்கினார். "பாய், ஒங்க வண்டில இத ஏத்தலாமா?"

"நாந்தான் திங்கமாட்டேன். வண்டிக்கு என்ன?"

கூடப் போகும் தண்டனை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் பந்தி உட்காரும்போது, பன்னிரண்டரைக்கு, நான் டெம்போவில் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிளம்பினேன். டிராம்பே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமையிலும் ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஓட்டுநர் கண்பத் மராத்திக்காரர். ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பி அண்டாவைப் பார்த்தார். ஜட்கா என்று விளக்கினேன். "ஹம்கோ சலேகா" என்றார். எனக்கு ஓடும் என்று அர்த்தம். இல்லத்து வாசலிலேயே நான் "ஜட்கா, ஜட்கா" என்று கூவினேன். பட்ட புத்தி. பொறுப்பாளர் அம்மா சிரித்துவிட்டு, சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு இருக்கிறது, கேட்டுத்தான் போடுவோம் என்றார். கண்பத்துக்கு ஒரு டப்பா நிறையக் கிடைத்தது. தாராவியிலிருந்து வந்தவர்களில் அந்தக் கறியை ருசி பார்த்தது அவர் ஒருவர்தான். திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

மூன்றேகாலுக்குத் திரும்பினேன். பந்தி முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஜெயராணியும் காதர் பாயின் மனைவியும் படியில் உட்கார்ந்து, ஒரே தம்ளர் மோரை மாற்றி மாற்றிக் குடித்தபடி, என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பேச்சு யாரைப் பற்றி என்று புரிந்தது. உள்ளே ஈரத்தரையில் இரண்டு இலை மட்டும் போட்டிருந்தது. ஒன்றின் முன்னால் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். சட்டை மடிப்பு இன்னும் கலையவில்லை.

"நீங்க இன்னும் சாப்பிடலியா பாய்?"

"பதினோரு வருசம் நின்னாச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தா என்ன? இரிங்க."

ஷைனி பரிமாறினாள். சாம்பாரில் அடிப்பிடித்த வாசம், கூட்டு முடிந்துபோய் வெறும் ரசம். நான் இதுவரை முப்பது அசனமாவது சாப்பிட்டிருப்பேன். அத்தனையிலும் யாரோ ஒருவர் கறியில்லாமல் ஓரமாக நின்றாரா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதருக்கு நான் வாங்கிப்போனது பத்து கிலோ தப்பு. அவர் எனக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: அசனம் அறுப்பு மாதங்களில் நடக்கும், தேதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பிதழ் வேண்டாம், யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். தாராவிக்குச் சயான் அல்லது மாஹிம் ஸ்டேஷனில் இறங்கலாம். தங்க வேண்டுமானால் செம்பூர் வசதி. பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள். ஹலால், சைவம் என்று எதுவானாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், கேட்கும் பழக்கம் அங்கே வந்துவிட்டது. யாராவது எதையாவது வாங்கிவரச் சொன்னால், சொன்ன கடையிலேயே வாங்குங்கள்.

செல்ஃபியை அழிக்கவில்லை, கீழே போட்டிருக்கிறேன். அடுத்த வருடத்துக்குக் கறி வாங்கும் பொறுப்பைக் காதர் பாய் எடுத்துக்கொண்டார். கமிட்டி எனக்கும் ஒரு வேலை ஒதுக்கியிருக்கிறது: எல்லா இலைக்கும் தண்ணீர் ஊற்றுவது. தண்ணீரை எங்கே பிடிக்க வேண்டும் என்று ஜெயராணி எழுதியே அனுப்பிவிட்டாள்.